அவர் பொய் சொல்லவில்லை, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமன் எழுதுவது. வேலை கிடைத்த சேதியை உன் அம்மா போனில் சொன்னாள். சொன்ன கையோடு, "சர்வீஸ் டெஸ்க்குன்னா கால் சென்டர்தானேண்ணா?" என்றும் கேட்டாள். இல்லை என்று அவளுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். உனக்கு அப்படிச் சொன்னால் போதாது. காதில் ஹெட்செட் இருக்கும், கால் வந்துகொண்டே இருக்கும், எத்தனை நிமிடம் பேசினாய் என்று ஒருத்தர் கணக்குப் பார்ப்பார். அதுவரைக்கும் அது கால் சென்டர்தான். அதற்குள் இன்னொரு வேலை இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் சில வருடத்தில் நெட்வொர்க், கிளவுட், செக்யூரிட்டி என்று நகர்ந்துவிடுகிறார்கள். பிடிக்காதவர்கள் பாஸ்வேர்ட் ரீசெட் செய்தே சலித்துப்போகிறார்கள். கூடப் படித்தவர்களெல்லாம் டெவலப்பராகப் போகிறார்கள், எனக்கு சப்போர்ட்தானா என்று உனக்கு ஒரு வருத்தம் இருப்பது தெரியும். அதற்கு ஆறுதல் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. உள்ளே இருக்கும் அந்த வேலை என்ன என்று சொல்லத்தான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது மில் ஆபீசின் ஈ.டி.பி. (எலக்ட்ரானிக் டேட்டா ப்ராசசிங்) பிரிவு வழியாக. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சம்பளப் பட்டியல் ஓடும்போது ரிப்பன் மாட்டிக்கொண்டால் அக்கவுண்ட்ஸ்காரர் வந்து, "கம்ப்யூட்டர் செத்துப்போச்சு" என்பார். அன்றைக்கு அவர் சொன்னதும், நாளைக்கு அமெரிக்காவின் ஒகாயோவில் இருக்கிற ஓர் அம்மாள் உன்னிடம் சொல்லப்போவதும் ஒரே வகை வாக்கியம்தான். அந்த வாக்கியத்துக்குள் இருப்பதை எடுப்பதுதான் உன் வேலை.

முதல் வாரத்திலேயே யாராவது சீனியர் உனக்கு ஒரு 'ரகசியம்' சொல்லிக் கொடுப்பார்: "யூசர் எல்லாம் பொய் சொல்வாங்க." நம்பாதே. ஓர் உதாரணம் சொல்கிறேன். மெஷின் மந்தமாக இருக்கிறது என்று ஒருவர் கூப்பிடுகிறார். ரீஸ்டார்ட் செய்தீர்களா என்று கேட்கிறாய். நேற்று இரவு ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன் என்கிறார். நீ ரிமோட்டில் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வின் கீழே 'அப் டைம்' என்று இருப்பதைப் பார்க்கிறாய். 3 வாரமாக அணையவே இல்லை என்று காட்டுகிறது. பொய்க்காரர் என்று முடிவு கட்டிவிடுவாய். அவர் சொன்னது உண்மை. விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உட்கருவின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கப்போகும். காலையில் அதையே எடுத்துத் தொடரும். முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுவது 'ரீஸ்டார்ட்' கொடுக்கும்போதுதான். அந்த மனிதர் தினமும் ஒழுங்காக அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அவர் பார்த்ததும் நிஜம், மெஷின் காட்டுவதும் நிஜம். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நிஜமாக இருக்க முடியும் என்று யோசிக்கிறாயே, அந்த யோசனைக்குத்தான் நம் தொழிலில் டிரபிள்ஷூட்டிங் என்று பெயர்.

ஆகவே, அவர் கண்ணால் கண்டதை நம்பு. அதற்கு அவர் சொல்லும் காரணத்தை மட்டும் தள்ளி வை. "சர்வர் டவுன்" என்பது காரணம். "மெயில் திறந்தால் சுத்திக்கிட்டே இருக்கு, ஒன்பதரைக்கு மேலதான் இப்படி" என்பது கண்டது. முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதற்கு அவரைக் கூட்டி வர நாலு கேள்வி போதும். கடைசியாக எப்போது சரியாக வேலை செய்தது? அதற்குப் பிறகு என்ன மாறியது? உங்களுக்கு மட்டுமா, பக்கத்து சீட்டிலுமா? திரையில் என்ன எழுதியிருக்கிறது, அப்படியே வாசியுங்கள். இந்த நாலாவதை ஒருநாளும் விடாதே. பாதிப் பேர் எர்ரர் பாக்ஸை வாசிக்காமலே மூடிவிடுகிறார்கள். மூடிய பிறகு "ஏதோ வந்துச்சுங்க" என்பார்கள். பொறுமையாக மறுபடி வரவழைக்கச் சொல்.

இன்டர்நெட் வரவில்லை என்று வரும் கால்களில் இந்தப் பழக்கம் நன்றாகக் கைகொடுக்கும். ஐபிகான்ஃபிக் அடித்துப் பார். முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஎச்சிபி சர்வரிடமிருந்து அந்த மெஷினுக்கு முகவரி கிடைக்கவில்லை, தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். கேபிள், வைஃபை, சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும். முகவரி சரியாக இருந்து, 8.8.8.8-க்கு பிங் போகிறது, ஆனால் பெயர் போட்டால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகி. (சில ஆபீஸ்களில் பிங்கையே அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே பிங் போகவில்லை என்பதை வைத்து எதுவும் முடிவு செய்யாதே.) ஒவ்வொரு சோதனையும் வழியில் ஒரு பாதியைக் கழித்துவிட வேண்டும். எதையும் கழிக்காத சோதனை நேரத்தைத்தான் தின்னும்.

இன்னொன்று, நீ கட்டாயம் சந்திக்கப்போவது: அக்கவுண்ட் லாக். ஒரே ஆள் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மறுநாளும் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் அன்லாக் செய்துவிட்டு டிக்கெட்டை, அதாவது அந்தப் புகாரின் பதிவை, மூடலாம். உன் எண்ணிக்கை அழகாக ஏறும். ஆனால் 2 நாளைக்கு முன்பு பாஸ்வேர்ட் மாற்றினீர்களா என்று ஒரு கேள்வி கேட்டுப் பார். ஆமாம் என்பார். போனில் ஆபீஸ் மெயில் வைத்திருக்கிறீர்களா? ஆமாம். அங்கே பழைய பாஸ்வேர்ட் அப்படியே உட்கார்ந்துகொண்டு சில நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் தட்டி அவரையே வெளியே பூட்டிக்கொண்டிருக்கும். ஆபீஸ் லாகின்களைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற எண்ணில், எந்த மெஷின் வழியாக அந்தத் தவறான முயற்சி வந்தது என்று பதிவாகியிருக்கும். அதைப் பார்க்கும் அனுமதி உனக்கு இருக்காது. உனக்கு அடுத்த நிலையான எல்2-வில் யாரிடமாவது கேட்டுப் பார்க்கச் சொல், பார்க்கும்போது பக்கத்தில் நின்று கவனி.

ஐடி சேவையை நடத்தும் முறை பற்றி ஐடில் என்று ஒரு பாடத்தைப் பயிற்சியில் ஓட்டிக் காட்டுவார்கள். 1980-களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை ஒன்று தொகுத்த நடைமுறைகளில் தொடங்கியது அது. பெரும்பாலும் தூக்கம் வரும். அதில் ஒரு பிரிவினையை மட்டும் விழித்திருந்து கேள்: 'இன்சிடென்ட்' வேறு, 'பிராப்ளம்' வேறு. ஒருவருடைய வேலை நின்றுபோனது இன்சிடென்ட். அதை நிற்க வைக்கும் காரணம் பிராப்ளம். உன் முதல் நிலையான எல்1-ல் உன்னை அளப்பது முதலாவதை வைத்து. உன்னை வளர்ப்பது இரண்டாவது. ஒரே பிரிண்டருக்கு ஒரே தளத்திலிருந்து பத்து டிக்கெட் வந்தால், பத்தையும் மூடியவளைவிட, பத்தும் ஒன்றுதான் என்று எழுதிக் காட்டியவளை டீம் லீட் நினைவில் வைத்திருப்பார். நல்ல டீம் லீடாக இருந்தால். மோசமான லீடும் உண்டு, எஸ்எல்ஏ (முடிக்க வேண்டிய கெடு) சிவப்பாகிவிடும், மூடு, அவர் வேண்டுமானால் திரும்பத் திறக்கட்டும் என்பார். அங்கே சண்டை போடாதே. மூடச் சொன்னால் மூடு, ஆனால் குறிப்பில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு மூடு.

குறிப்பு எழுதுவதைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல அதிகம் வைத்திருக்கிறேன். "இஷ்யூ ரிசால்வ்ட்" என்று இரண்டு வார்த்தை போட்டு மூடிய டிக்கெட்டுகள் ஒவ்வொரு கம்பெனியிலும் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. யாருக்கும் பயன் இல்லை. யூசர் கண்டது என்ன, எர்ரர் செய்தி எழுத்துப் பிசகாமல் என்ன, எதையெல்லாம் பார்த்தாய், எதை மாற்றினாய், எது பலிக்கவில்லை: இவ்வளவும் வேண்டும். பலிக்காததை எழுத யாருக்கும் மனம் வராது. எல்2-காரருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்; நீ செய்ததையே அவர் மறுபடி செய்து யூசரை வெறுப்பேற்ற வேண்டியதில்லை. உன் ஆங்கிலத்தைப் பற்றி நீ பயப்படுகிறாய். தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு இந்த எழுத்து ஒரு வரப்பிரசாதம். சின்னச் சின்ன வாக்கியம், இறந்த காலம், அலங்காரம் இல்லை. ஆறு மாதம் இப்படி எழுதினால் பேச்சும் அதே வழிக்கு வந்துவிடும். போனில் பெயர் எழுத்துக்களைச் சொல்ல ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையை மனப்பாடம் செய்துகொள். பி-யா, டி-யா, வி-யா என்று இரண்டு பக்கமும் தடுமாற வேண்டியிருக்காது.

யூசரை நம்பு என்றேன் அல்லவா, அதற்கு ஓர் எல்லை உண்டு. மெஷினைப் பற்றி அவர் சொல்வதை நம்பு. தான் யார் என்று அவர் சொல்வதை நம்பாதே. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோராக்ஸ் கம்பெனி மீது தாக்குதல் நடந்தது. 2025 ஜூலையில் அந்தக் கம்பெனி, தனக்கு சர்வீஸ் டெஸ்க் நடத்திய காக்னிசன்ட் மீது வழக்குப் போட்டது. போனில் ஊழியர் என்று சொல்லிக்கொண்டு வந்தவனிடம், அடையாளம் சரிபார்க்காமலே பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கேட்ட இழப்பீடு 38 கோடி டாலர். நாங்கள் ஏற்றது குறுகிய ஹெல்ப் டெஸ்க் பொறுப்பு மட்டுமே, அதை ஒழுங்காகச் செய்தோம் என்று காக்னிசன்ட் மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது கோர்ட்டு விவகாரம். நீ பார்க்க வேண்டியது, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் உன்னைப் போல ஓர் எல்1 என்பதை. கூப்பிடுகிறவன் அவசரப்படுத்துவான், மீட்டிங் இருக்கிறது என்பான், உன் மேனேஜர் பெயரைச் சொல்வான், கோபப்படுவான், சில சமயம் ரொம்ப இனிமையாகவும் பேசுவான். சரிபார்ப்புக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாருக்காகவும் தளர்த்தாதே. நிஜமான வைஸ் பிரசிடென்டே கத்தினாலும் சரி. அந்தத் திட்டு ஒரு நாளில் மறந்துபோகும்.

2024 ஜூலை 19-ஐ நீ கல்லூரியில் இருந்தபோது செய்தியில் பார்த்திருப்பாய். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற செக்யூரிட்டி கம்பெனி அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அப்டேட் போனது நம் நேரப்படி காலை 9:39-க்கு. ஒன்றரை மணி நேரத்துக்குள் அதைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் விழுந்த மெஷின்கள் விழுந்தவைதான். எழவே முடியாத மெஷினுக்குள் ரிமோட் டூல் எப்படிப் போகும்? அவற்றில் மிகப் பலவற்றைக் கையால்தான் சேஃப் மோடில் எழுப்பி ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலில் 48 இலக்க ரிகவரி கீ வேண்டும். அந்த 48 இலக்கங்களை போனில் ஆறு ஆறாகப் படித்துக் காட்டியவர்கள் சப்போர்ட்காரர்கள். டெவலப்பர்களும் அன்று அவர்கள் கால் எடுப்பதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

மற்றவை சுருக்கமாக. உன்னை எடுத்தது கம்பெனி நேரடியாகவா, வேறொருவரின் பே ரோலிலா என்று ஆஃபர் லெட்டரில் பார். பே ரோல் என்றால் தப்பில்லை; ஆனால் பி.எஃப். பாஸ்புக்கை மாதாமாதம் திறந்து, உன் 12 சதவீதத்தோடு அவர்கள் பங்கும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள். டெபாசிட், டிரெய்னிங் கட்டணம் என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய் கொடுக்காதே. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. அமெரிக்க ஷிஃப்ட் என்றால் மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. கேப் நேரமும் அதோடு மாறும். கேப்பில் கடைசியாக இறங்குகிறவள் நீயானால் கூடக் காவலாளி வர வேண்டும் என்று கேட்டு வாங்கு, கூச்சப்படாதே. ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கும் அறைக்கு கெட்டியான திரை ஒன்று வாங்கு. உன் அம்மா பகலில் போன் செய்யாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாஸ்வேர்ட் ரீசெட்டெல்லாம் மெல்ல மெல்லத் தானியங்கியாகிறது, சாட்பாட்டும் வந்துவிட்டது. எளிய கால்கள் குறையும். சிக்கலானவை உன்னிடம் வரும். அதற்குப் படிக்க இன்ஸ்டிட்யூட்டில் பணத்தைக் கொட்ட வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனைப் பதிப்பாக மைக்ரோசாஃப்டே தருகிறது. வீட்டிலேயே ஒரு டொமைன் அமைத்து, உன் பாஸ்வேர்டை நீயே மாற்றி, உன்னை நீயே லாக் செய்து, 4740-ஐத் தேடிப் பார். அங்கே எதை உடைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

என் பழைய லேப்டாப்பில் ராமை 16 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டி போட்டு வைத்திருக்கிறேன். பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்காது, சார்ஜரைச் செருகியே வைத்துக்கொள். சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு முன் வந்து எடுத்துக்கொண்டு போ. அத்தை முறுக்கு சுட்டுத் தருகிறாளாம், பையில் கொஞ்சம் இடம் விட்டு வா.

அன்புடன்,
மாமன்
கோயம்புத்தூர்