காற்று இல்லையென்றால் கடல் சும்மா இருக்குமா?

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் அடைத்துக் கிடக்கும் நாட்களிலும் கோடை விடுமுறையிலும் சிவகாசி, சாத்தூர் பக்கமிருந்து கன்னியாகுமரிக்கு வேன் வேனாகக் கிளம்புவது பழைய வழக்கம். பின்சீட்டில் தூண்டில் கம்புகளும் ஏறிக்கொள்வது புதுப்பழக்கம். வெம்பக்கோட்டை அணையில் ஜிலேபிக் கெண்டை பிடித்த கை, முட்டம் பாறைமேல் நின்று சங்கரா பிடிக்க ஆசைப்படுகிறது. ஆசையில் தப்பில்லை. "பாத்துப் போங்கப்பா" என்று சொன்னால் வருகிற பதிலில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது: "காத்தும் இல்ல, மழையும் இல்ல அண்ணாச்சி. கடல் கொளம் மாதிரி கெடக்கும். என்ன ஆகப்போகுது?" டீக்கடையில் கேட்டாயிற்று, கல்யாணப் பந்தியில் கேட்டாயிற்று. என்னிடம் பௌதிகம் படித்த பிள்ளைகளே சொல்லும்போது, வகுப்பில் அலை பாடத்தை யாருக்கு நடத்தினேன் என்று தெரியவில்லை.

நம்பிக்கை: காற்றில்லாத நாளில் கடல் எழும்பாது.

உண்மை: அலையை எழுப்புவது காற்றுதான். ஆனால் எந்த ஊர்க் காற்று? கன்னியாகுமரிக்குத் தெற்கே நேராகப் போனால் அண்டார்டிகா வரை பெரிய நிலம் ஏதும் குறுக்கே இல்லை. அந்தத் தென்கோடியில் சூறைக்காற்று அடித்தால் அங்கே கிளம்பும் நீண்ட அலைகள் நம் கரைக்கு வந்துதான் ஓய்கின்றன. கணக்குப் போடுவோம். 16 நொடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் நகரும். நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டர். ஐந்தாறு நாள் கழித்து, இலைகூட அசையாத ஒரு வெயில் காலையில் அது முட்டத்துக்கு வந்து சேரும். கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

2024 மே 6-ஆம் தேதியை மறந்துவிட்டோமா? கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரை. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கடல் பார்க்கப் போன பயிற்சி மருத்துவர்களில் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்று வங்கக்கடலில் புயல் இல்லை, அரபிக்கடலிலும் இல்லை. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே விட்டிருந்தது. அவர்கள் தூண்டில் போடப் போனவர்கள் இல்லைதான். மணற்கரைக்குப் போனவர்களுக்கே அந்தக் கதி என்றால், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த பாறை நுனியில் நிற்பவனை என்ன சொல்வது?

நீண்ட அலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை ஐந்தாறு நொடிக்கு ஒன்று வரும், அறைந்துவிட்டுத் திரும்பிவிடும். 16 நொடி அலையோ ஏழெட்டு நொடி ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கும்போதும் அவ்வளவு நேரம் இழுக்கும். பாறையடியில் ஆழம் அதிகமென்றால் தூரத்தில் நுரை கட்டி உடையவும் உடையாது. காலடியில் தண்ணீர் உப்பி வருவது மட்டும்தான் தெரியும். தெரியும்போது முழங்கால் நனைந்திருக்கும்.

பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். நேற்று மிஞ்சிய மருந்தில் ஈரம் பட்டிருந்தால், பார்வைக்குச் சும்மாதான் கிடக்கும். உள்ளுக்குள் சூடேறி, மறுநாள் காலையில் கதவைத் திறப்பவன் கையில் வெடிக்கும். சத்தம் இல்லாததால் மருந்து அடங்கிவிட்டது என்று ஒரு ஃபோர்மேன் சொன்னால் வேலையை விட்டு அனுப்புவீர்கள். கடலைப் பற்றி அதையே சொல்பவனை மட்டும் ஏன் நம்புகிறீர்கள்?

காற்றில்லாக் கடல் நம்பிக்கைக்குத் தம்பி ஒன்று இருக்கிறது: "பாறை காய்ஞ்சு கெடக்கு, அங்க அலை வராது." காய்ந்த பாறை சொல்வதெல்லாம், கொஞ்ச நேரமாக அங்கே தண்ணீர் ஏறவில்லை என்பதை மட்டுமே. நம் வெயிலுக்குக் கல் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். பெரிய அலைகள் நாலைந்தாகச் சேர்ந்து வரும். நடுவில் நீண்ட அமைதி இருக்கும். அந்த அமைதியில் வந்து இறங்குகிறவனுக்குத்தான் பாறை காய்ந்து தெரிகிறது. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பச்சைப் பாசியையும் பாருங்கள். கடல் தினமும் எதுவரை ஏறுகிறது என்று அவை பொய் சொல்லாமல் காட்டும். அந்தக் கோட்டுக்கு வெகு மேலே நில்லுங்கள்.

"தூத்துக்குடியில் தூண்டில் போட்டிருக்கோமே" என்பவர்களுக்கு: அங்கே மன்னார் வளைகுடாத் தீவுகளும் பவளப்பாறைகளும் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. முட்டத்தில் உங்களுக்காக வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

மற்றவை, சுருக்கமாக.

நம்பிக்கை: ஏழாவது அலைதான் பெரிது, எண்ணிக்கொண்டிருந்தால் தப்பிக்கலாம்.

உண்மை: கடலுக்கு வாய்ப்பாடு கிடையாது. ஆயிரம் அலைக்கு ஒன்று, வழக்கமான பெரிய அலையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம் எழும். பத்து நொடிக்கு ஓர் அலை என்றால் ஆயிரம் அலைக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் தூண்டிலோடு நிற்பதும் அவ்வளவு நேரம்தான்.

நம்பிக்கை: நீச்சல் தெரிந்தவனுக்குப் பயமில்லை.

உண்மை: பம்ப்செட் கிணற்று நீச்சல் இங்கே உதவாது. நுரைத்த தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் உடம்பு சரியாக மிதக்காது. விழுந்த இடத்திலேயே ஏறப் பார்த்தால் சிப்பி கிழிக்கும், அடுத்த அலை மண்டையைப் பாறையில் மோதும். பாறையை விட்டு விலகி மிதந்து, உதவிக்குக் காத்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: இடுப்பில் கயிறு கட்டிப் பாறையோடு முடிந்துகொண்டால் போதும்.

உண்மை: ஒவ்வோர் அலைக்கும் அதே பாறையில் அடிபட நீங்களே ஏற்பாடு செய்கிறீர்கள்.

நம்பிக்கை: கூட வந்தவன் விழுந்தால் குதித்துக் காப்பாற்றுவதுதான் ஆண்பிள்ளைத்தனம்.

உண்மை: ஒரு சாவு இரண்டாகும். சுற்றுலா வேனில் 20 லிட்டர் தண்ணீர் கேன் எப்படியும் இருக்கும். காலியான கேனை இறுக மூடி, கைப்பிடியில் கயிறு கட்டி வீசுங்கள்; ஓர் ஆள் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்க அது தாராளம். உடனே 1093-க்கும் 108-க்கும் அழையுங்கள்.

போகிறவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கிளம்பும் முன் இன்காய்ஸ் எச்சரிக்கையைப் பாருங்கள். போய் இறங்கியதும் தூண்டிலைப் பிரிக்காமல் இருபது நிமிடமாவது கடலைப் பாருங்கள். தனியாக நிற்காதீர்கள். கடலுக்கு முதுகு காட்டி இரை கோக்காதீர்கள். குடித்துவிட்டுப் பாறை ஏறாதீர்கள். மிதவை ஜாக்கெட் போடுங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், ஆபத்தான பாறைகளில் ஜாக்கெட் இல்லாமல் தூண்டில் போட்டால் அபராதம் என்று 2016-இலேயே சட்டம் கொண்டுவந்தார்கள். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவர்களுக்கே சட்டம் தேவைப்பட்டது. கந்தக பூமிக்காரனுக்கு வேண்டாமாம்!

கடைசியாக, நான் ஓயாமல் சொல்லும் விஷயம். கள்ளக்கடல் எச்சரிக்கை குமரி மீனவருக்குப் போகிறது. சிவகாசி வேனுக்கு வருவதில்லை. கடல் இல்லாத மாவட்டம் என்று நம்மை விட்டுவிடுகிறார்கள். கடலைத் தெரியாதவன்தானே அங்கே போய் மாட்டுகிறான்? விருதுநகர் மாவட்ட நிர்வாகம் விடுமுறைக் காலங்களில் அந்த எச்சரிக்கையை இங்கேயும் அறிவிக்க வேண்டும். தீப்பெட்டி, செல்போன் கொண்டுவராதே என்று வாசலில் பலகை வைக்கும் ஆலைகள், லீவு விடும் அன்றைக்கு இதையும் ஒரு தாளில் எழுதி ஒட்டலாம். கலர் விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் வேன்காரர்கள் நாலு மிதவை ஜாக்கெட் வாங்கிப் போடட்டும். "ஜாக்கெட் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். இல்லையென்றால் வேறு வேன் பாருங்கள். ஊரில் வேனுக்கா பஞ்சம்?