மலிவு விலை சைலன்சர்: மாட்டுவது எப்படி? மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



டிப்ளமோ முடித்துவிட்டு வெளியே போகும் நம்மில் பலர் முதலில் போய் நிற்கப்போவது கண்ணாடி வைத்த ஷோரூமில் அல்ல. ஏதாவது ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப்பில்தான். அங்கே வரும் வண்டிகளும் புதிதாக இருக்காது. 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800 போன்ற சின்ன கார்கள் இன்றும் நம் ஊர்த் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த வண்டிக்காரர் சொல்லும் முதல் வார்த்தை: "தம்பி, சைலன்சர் ஓட்டை விழுந்து டிராக்டர் மாதிரி கத்துது." இரண்டாவது வார்த்தை: "கம்பெனி ஐட்டம் வேணாம்ப்பா, சல்லிசா ஏதாவது பார்த்துப் போடு."

அவர் கேட்பதில் தவறே இல்லை. வயதான வண்டிக்கு யாரும் நிறைய செலவு செய்ய மாட்டார்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கிடைப்பது போன்ற வெளிக் கம்பெனி சைலன்சர்களை வாங்கிப் போட்டு ஓட்டலாம், ஓட்டுகிறார்கள். ஆனால் ஒன்றை மட்டும் நாம் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். சைலன்சர் மலிவாக இருக்கலாம். ஜாயின்ட் மலிவாக இருக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

1. சத்தம் மட்டும்தானா?

'சைலன்சர்' என்று பெயர் வைத்துவிட்டதால் அதன் வேலை சத்தத்தை அடக்குவது மட்டுமே என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் எக்ஸாஸ்ட் சிஸ்டத்துக்கு மூன்று வேலைகள் உண்டு. சத்தத்தைக் குறைப்பது ஒன்று. சூட்டை ஆபத்தில்லாமல் வெளியே கொண்டுபோவது இரண்டு. விஷ வாயுவை, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டி, வண்டியின் பின்னால் கொண்டுபோய் விடுவது மூன்று. இந்த மூன்றாவது வேலைதான் உயிர் சம்பந்தப்பட்டது.

அந்த விஷம் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாக இதைப் பிடித்துக்கொள்ளும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு, ஐடிலிங்கில் சட்டம் அனுமதிக்கும் அளவே 3 சதவீதம். அதாவது 30,000 பி.பி.எம். தொழிலிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ், 1,200 பி.பி.எம். அளவையே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்துள்ளது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 'பொல்யூஷன் பாஸ்' ஆன வண்டியின் புகையிலேயே இந்த அளவைப் போல 25 மடங்கு இருக்கலாம்!

வெளிக்காற்றில் கலந்தால் அது கரைந்துவிடும். ஆனால் சீட்டுக்கு அடியில் ஒரு ஜாயின்ட் கசிந்து, ஃப்ளோரில் துருப்பிடித்த ஒரு ஓட்டையும் இருந்தால்? முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். "வெயில்ல வந்தது, அதான் தலைய வலிக்குது" என்று வண்டிக்காரர் சொல்லிக்கொள்வார். அதே வண்டியில் ஏ.சி.யைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிறுத்திய இடத்தில் படுத்துத் தூங்கினால் விழிக்காமலே போகலாம்.

2. ஏன் ஓட்டை விழுகிறது?

"ரோட்டுத் தண்ணி பட்டுத் துருப்பிடிச்சிடுச்சு" என்பது பொதுவான பதில். பாதி உண்மைதான். மீதிப் பாதி உள்ளே இருக்கிறது.

பெட்ரோலை ஆக்டேன் என்று வைத்துக்கொள்வோம். 114 கிராம் ஆக்டேன் முழுமையாக எரிந்தால் 162 கிராம் தண்ணீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அப்படியென்றால் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 1,050 கிராம், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றே கூடுதலான தண்ணீர், ஆவியாக சைலன்சர் வழியே போகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி, ஆவி அப்படியே வெளியேறிவிடும். வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். ஆவி தண்ணீராகி உள்ளேயே தங்கி, புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்து அரிக்கும். அதனால்தான் 'வண்டி ஓடவே இல்லை சார், எப்படிப் போச்சு?' என்று கேட்பவரின் சைலன்சர் சீக்கிரம் போகிறது. வெளியே சில்வர் பெயின்ட் அடித்துப் பயனில்லை என்பதும் இதனால்தான்.

சில சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளையைக் கம்பெனியே வைத்திருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

3. கடையில் கவனிக்க வேண்டியவை

(அ) பழைய சைலன்சரைக் கையோடு கொண்டுபோங்கள். நீளம், ஃபிளாஞ்சின் ஓட்டைகள், ஹேங்கர் கம்பியின் இடம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். "கொஞ்சம் தட்டினா உட்கார்ந்துடும்" என்று கடைக்காரர் சொன்னால் வேறு பீஸ் கேளுங்கள்.

(ஆ) தகட்டின் கனத்தைப் பாருங்கள். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ. வெர்னியர் வைத்து ஓரத்தில் அளக்கலாம். லேபில் படித்தது இதற்குத்தானே!

(இ) அலுமினியம் பூசிய தகடு, வெறும் மைல்டு ஸ்டீலைவிட நெடுநாள் உழைக்கும். காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எக்ஸாஸ்ட்டுக்கு நிறைய பயன்படும் 409 ரகத்தில் காந்தம் ஒட்டும்.

(ஈ) வளைவுகளில் பைப் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவு புகைக்கு, பைப்பில் ஏற்படும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர் விகிதத்தில் இருக்கும். 35 மி.மீ. பைப்புக்குப் பதில் 30 மி.மீ. பைப் போட்டால் இழப்பு இரண்டு மடங்குக்கும் மேல். வண்டி மேட்டில் இழுக்காது. பழி கார்புரேட்டர் மேல் விழும்.

(உ) குலுக்கிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் பேஃபிள் பிளேட் சரியாக ஒட்டவில்லை.

(ஊ) ஜி.ஐ. தண்ணீர் பைப்பை வளைத்து டெயில் பைப் ஆக்கும் பழக்கம் வேண்டாம். அதன் மேல் உள்ள துத்தநாகம் வெல்டிங்கில் புகையாகி, அதைச் சுவாசித்தவருக்குக் குளிர்காய்ச்சலை வரவழைக்கும்.

சைலன்சரில் மிச்சப்படுத்திய பணத்தில் புது கேஸ்கெட் (நம்ம பாஷையில் பேக்கிங்), புது ஹேங்கர் ரப்பர், புது போல்ட் நட், நல்ல கிளாம்ப் ஆகியவற்றைக் கட்டாயம் வாங்குங்கள். பழைய பேக்கிங்கை மறுபடி போடுவது, ஊசிப்போன சட்னியைப் புது இட்லிக்கு ஊற்றுவது போல.

4. கழற்றுதல்

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு கொடுங்கள், தரையில் இருக்கும் டயருக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், துரு கண்ணில்தான் விழும்.

நட்டுகளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். வராத நட்டோடு மல்லுக்கட்டி மேனிஃபோல்டு ஸ்டட்டை உடைத்தால், ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். பின்பக்கத்து நட்டு என்றால் யோசிக்காமல் ஆக்சா பிளேடால் அறுத்துவிடுங்கள். பழைய பேக்கிங்கின் துணுக்குகளை ஃபிளாஞ்ச் முகத்தில் இருந்து முழுவதும் சுரண்டி எடுங்கள். ஃபிளாஞ்ச் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. ஃபைல் போட்டுச் சமப்படுத்துங்கள்.

5. மாட்டுதல்

முதலில் எல்லாவற்றையும் லூஸாகவே மாட்ட வேண்டும். ஹேங்கர் ரப்பரில் தொங்கவிட்டு, எல்லா போல்ட்டையும் கை இறுக்கத்தில் மட்டும் வைத்து, பைப்பைச் சுழற்றி நேர் செய்யுங்கள். நேரான பிறகு இன்ஜின் பக்கத்தில் இருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வாருங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததை இழுத்துப் பிடித்து மாட்டினால், அந்த இழுவை முழுவதும் ஜாயின்ட்டின் மேல் விழும். ஆறு மாதத்தில் வெல்டிங் விடும்.

ரப்பர் எதற்கு, கம்பியால் கட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். 2 மீட்டர் பைப் 250 டிகிரி சூடேறினால் 6 மி.மீ. நீளும். இன்ஜின் வேறு ஆடுகிறது. இந்த 6 மி.மீ.க்கும் ஆட்டத்துக்கும் இடம் தருவது ரப்பர்தான். கம்பியால் கட்டினால் அந்த வேலையை ஜாயின்ட் செய்யும், உடையும்.

பெட்ரோல் லைனுக்கும் எக்ஸாஸ்ட் பைப்புக்கும் நடுவே குறைந்தது 35 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் உள்ள 113-ஆம் விதி சொல்கிறது. பிரேக் லைன், ஹேண்ட் பிரேக் கேபிள் மீதும் உரசக் கூடாது.

டெயில் பைப்பின் நுனி பாடியைத் தாண்டி வெளியே வர வேண்டும். மலிவு ரகங்களில் நீளம் குறைவாக இருப்பதுண்டு. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவு. பம்பருக்கு அடியிலேயே புகை முடிந்தால், டிக்கி கதவின் பழைய ரப்பர் வழியே அது உள்ளே ஏறும். புகை கீழ்நோக்கியோ இடதுபுறமோ போகக் கூடாது என்பது 112-ஆம் விதி. நம் நாட்டில் இடதுபுறம்தானே ஜனங்கள் நடக்கிறார்கள்!

வெல்டிங் தேவைப்பட்டால் காரில் வைத்துப் புள்ளி மட்டும் வைத்து, கழற்றி, பெஞ்சில் வைத்து முழு வெல்டிங் செய்யுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். காரில் ஆர்க் வைக்கும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, எர்த்தை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே கொடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கம்ப்யூட்டர் போய்விட்டால் நம் சம்பளத்தில் கட்டி மாளாது.

அதே எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று தப்பாகச் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். மைலேஜ் குறையும். கசிவை அடைக்க சாதாரண சிலிகான் பேஸ்ட்டைத் தடவினால் சென்சாரே கெட்டுவிடும்.

6. சோதித்தல்

இதுதான் நம்மில் பலர் செய்யாமல் விடுவது. திறந்த வெளியில், ஆறிய நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். கையுறை போட்ட ஒருவர் கனமான ஈரத் துணியால் டெயில் பைப்பைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கட்டும். ஜாயின்ட்டுகள் சரியாக இருந்தால் இன்ஜின் திணறும். 'உஸ்' என்று சத்தம் கேட்டால் கசிவு. எந்த இடம் என்று கண்டுபிடிக்க, ஜாயின்ட் சூடேறும் முன் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். ஊதுபத்தி வைத்துப் பார்க்கும் வழக்கத்தை பெட்ரோல் லைன் பக்கத்தில் மறந்துவிடுங்கள்.

பிறகு ஒரு ரவுண்டு ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி எல்லா நட்டையும் இறுக்குங்கள். புதுப் பேக்கிங் முதல் சூட்டில் சற்று அமுங்கும். "அண்ணே, 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவ வாங்க, காசு வேணாம், டைட் பண்ணித் தர்றேன்" என்று சொல்லி அனுப்புங்கள். அவர் வந்தால், ஜாயின்ட்டைச் சுற்றிக் கரும்புகைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே கசிகிறது.

7. "சவுண்டு கொஞ்சம் கெத்தா வேணும் ப்ரோ"

இப்படியும் ஒரு கஸ்டமர் வருவார். பேஃபிளை எடுத்துவிடு, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர் பைப் போடு என்பார். 796 சி.சி. இன்ஜினில் இதனால் வண்டிக்குக் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான்; பவர் அல்ல. 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதைக் கழற்றினால், நாம் மேலே பார்த்த விஷத்தை ஊருக்கே விநியோகிக்கிறோம் என்று அர்த்தம். 120-ஆம் விதிப்படி சைலன்சர் கட்டாயம். சத்த, புகை வரம்பை மீறி ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. லைசென்ஸும் மூன்று மாதம் போகும். "முடியாது ப்ரோ" என்று சொல்லவும் ஒரு மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தோழர்களே! இன்ஜின் வேலை செய்தால் வண்டிக்காரர் கேட்டு மகிழ்வார். ஏ.சி. வேலை செய்தால் உடனே உணர்வார். ஆனால் சைலன்சர் ஜாயின்ட்டை நன்றாகப் போட்டோமா என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. குனிந்து பார்க்கவும் மாட்டார். பின் சீட்டில் குழந்தையைப் படுக்க வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் குழந்தை ஊர் போய்ச் சேர்ந்து கண்ணைத் திறந்து சிரிப்பது, நாம் மாற்றிய ஒரு பேக்கிங்கைப் பொறுத்தும் இருக்கலாம். பில்லில் மிகச் சிறிய தொகையாக இருப்பதும் அந்தப் பேக்கிங்தான். அதை மட்டும் மறக்காமல் மாற்றுவோம்.