கோழித் தீவனத்தில் கலக்கும் மருந்தும் ஜன ஆரோக்கியமும்

கஞ்சமலைக்கு அருகிலுள்ள இளம்பிள்ளை வட்டாரத்துக் குடியானவர்களுக்கும், தெற்கே நாமக்கல்லில் கோழி வளர்ப்போருக்கும் இரு வகையில் தொடர்பு உண்டு. இவர்கள் விளைவிக்கும் மக்காச்சோளம் அங்கே தீவனமாகிறது. அங்கே சேரும் எரு இவர்கள் நிலத்திற்கு வருகிறது. ஆதலால் தீவனத்தில் கலக்கப்படும் மருந்தைப் பற்றிய விஷயம் பண்ணைக்காரருக்கு மட்டுமன்றி உழவருக்கும் உரியதாகும்.

ஆயிரக்கணக்கான கோழிகளைக் கூண்டுகளில் நெருக்கி வளர்க்குமிடத்தில் ஒரு கோழிக்கு வந்த நோய் விரைவில் எல்லாவற்றிற்கும் பரவும். அவ்வச்சத்தாலும், கோழி சீக்கிரம் எடை கூடும் என்பதாலும், நோயற்ற கோழிகளுக்கும் கிருமிகொல்லி மருந்தைச் சிறிதளவாகத் தினந்தோறும் தீவனத்தில் கலந்து கொடுக்கும் வழக்கம் பல தேசங்களில் ஏற்பட்டது. கொட்டகையில் செய்ய வேண்டிய சுத்தத்தை மருந்துச் சீசாவினால் ஈடுசெய்வது இது.

சிறிதளவு மருந்தினால் வலுக்குறைந்த கிருமிகளே மடியும். மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகும். கொலிஸ்டின் என்னும் மருந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. சிறுநீரகத்திற்குக் கெடுதி செய்வதால் மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருந்த இம்மருந்தை, ஏனைய மருந்துகள் பலனற்றுப் போன பின்னர், உயிருக்குப் போராடும் நோயாளிகளுக்குக் கடைசி முயற்சியாக மீண்டும் கையாளலாயினர். அதே மருந்தைத்தான் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனத்தில் கலந்து வந்தார்கள். இதைத் தாங்கும் ஆற்றலை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றிற்குக் கடத்தவல்ல மரபணு சீனாவில் கண்டறியப்பட்டதாக 2015-ல் வெளியாயிற்று. 2017-ல் அத்தேசம் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. அதன்பின் பன்றிகளிடத்தும் மனிதரிடத்தும் அவ்வகைக் கிருமிகள் குறைந்தன. இந்திய சர்க்கார், உணவுக்கான பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் இம்மருந்தைத் தயாரிப்பதையும் விற்பதையும் 2019 ஜூலையில் தடை செய்தது.

முட்டையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் அளிக்கப்படும் முட்டை நல்ல ஆகாரம். நன்கு வேகவைத்தால் கிருமிகள் மடிந்துவிடும். ஆனால் மருந்தின் எச்சம் முழுதும் வெப்பத்தால் அழியுமென்று நம்புவதற்கில்லை. ஆகையால் நோயுற்ற கோழிக்குக் கால்நடை வைத்தியர் மருந்து கொடுத்திருப்பின், அவர் குறித்த நாட்கள் கழியும்வரை முட்டையையும் இறைச்சியையும் விற்கலாகாது. வெள்ளைக்கழிச்சலுக்குக் கிருமிகொல்லி கொடுப்பது வீண் செலவு. அந்நோய் வைரஸினால் வருவது; முன்கூட்டித் தடுப்பூசி போடுதலே வழி. கோழிகள் காரணம் தெரியாது மடியுமாயின், இறந்த கோழியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிக் காரணமறிந்த பின்னரே மருந்து வாங்குதல் சிக்கனம். தீவனம் வாங்குவோர் மூட்டையிலுள்ள சீட்டைப் படித்து, கலந்துள்ள பொருள்களை விசாரிக்க வேண்டும்.

கோழி எருவைப் பச்சையாக நிலத்திலிடும் வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். கொலிஸ்டின் குடலில் அதிகம் உறிஞ்சப்படாமல் பெரும்பாலும் எச்சத்துடன் வெளியேறும் மருந்து. எருவை வைக்கோல், சருகு முதலியவற்றுடன் கலந்து குவித்து, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறி விட்டால், குவியலின் உட்சூட்டில் கிருமிகளில் பெரும்பகுதி மடியும். சூடு தணிந்து மக்கிய பின்னரே வயலுக்கு எடுக்கலாம். கீரை, வெங்காயம் போன்று பச்சையாக உண்ணும் பயிர்களுக்கும், கிணற்றடி நிலங்களுக்கும் பச்சை எரு அறவே ஆகாது. குடிநீர்க் கிணற்றருகே இத்தகைய எருக்குவியல் இருப்பின், மழைக்கு முன்னரே அப்புறப்படுத்தச் செய்வது கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கத்தக்கது.