குழந்தைகளின் இமைநோய்களும் இமைமயிர் உண்ணிகளும்

காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்கமாட்டாமல் அழும் குழந்தையை அறியாத வீடு கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் அரிது. தாயார் அதனைச் சூடு என்று கருதி உச்சியில் எண்ணெய் வைப்பார். கண்ணிலும் இரண்டு துளி விளக்கெண்ணெய் விடுவார். கட்டி தோன்றினாலோ பாட்டியார் நாமக்கட்டியை இழைத்துப் பூசுவார். சில நாட்களில் வீக்கம் வற்றினால் நாமக்கட்டிக்குப் பெயர் கிடைக்கும். பெரும்பாலான கண்கட்டிகள் ஒன்றும் செய்யாவிடினும் தாமே உடைந்து ஆறுவன. அவை ஓயாமல் திரும்பத் திரும்ப வருமாயின், அக்குழந்தையின் இமை ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

இமை ஓரத்தில் மயிர்க்கால்களையொட்டிச் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக அமைந்துள்ளன. இவற்றின் எண்ணெய் கண்ணீர் விரைவில் உலராதபடி காக்கிறது. வாய் அடைபட்டால் எண்ணெய் உள்ளே தங்கி, கட்டியும் சிவப்பும் அரிப்பும் உண்டாகின்றன. குழந்தை அழுக்குக் கையால் கசக்க, நோய்க்கிருமிகள் உட்புகுகின்றன.

இம்மயிர்க்கால்களிலேயே வாசம் செய்வது டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய உண்ணி. 1842இல் ஜெர்மானிய வைத்தியர் குஸ்தாவ் சீமோன் இதனை முகப்பருக்களுள் கண்டு விவரித்தார். ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு நீளமே உடையதாகையால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எட்டுக் குறுங்கால்களுடன் மயிர்க்குழியில் தலைகீழாகப் புதைந்து, இரவில் வெளிவந்து, சுமார் இரண்டு மூன்று வாரங்கள் வாழும். முதியோர் பெரும்பாலோரிடம் இது எவ்விதத் தொல்லையுமின்றி இருப்பதால், பெயரைக் கேட்டுத் திகிலடைய வேண்டுவதில்லை. சிறுவரின் தோலில் எண்ணெய்ப் பசை குறைவாகையால் அவர்களிடம் இது குறைவு. ஆயினும் மாதக்கணக்கில் ஆறாத இமை அழற்சியுள்ள சில குழந்தைகளிடம் இது பெருகியிருக்கக் காணப்பட்டுள்ளது. மயிரின் அடியைச் சிறு குழல்போலச் சுற்றி நிற்கும் வெண்பொருக்கு இதன் அடையாளம். ஒரு மயிரைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வைத்தியர் ஐயமறக் கூறுவார். இதற்கென்று விற்கப்படும் டீ ட்ரீ எண்ணெயை அப்படியே இமையில் தடவினால் கண் புண்ணாகும். வைத்தியர் சொல்லாமல் அதனைத் தொடுதல் கூடாது.

பேன் என்பது வேறு. இமைமயிரில் பழுப்பு நிறப் புள்ளிகளும், உருவினால் வராத ஈர்களும் காணப்பட்டால், அது தலைப்பேன் அன்று. பெரியோர் உடல் மயிரில் வாழும் மற்றொரு வகை. ஒரே படுக்கை, துண்டு முதலியவற்றாலும் நெருங்கிய உடற்தொடர்பாலும் தொற்றும். தலைப்பேன் மருந்தைக் கண்ணருகே தடவுதல் பேராபத்து. கண்ணுக்கென்று தயாரித்த வாசலைன் களிம்பை வைத்தியர் சொன்னபடி கனமாகத் தடவிவந்தால் பேன் மூச்சுமுட்டிச் சாகும். ஈர்களை வைத்தியர் இடுக்கியால் அகற்றுவார். வீட்டார் யாவரும் பரிசோதனை செய்துகொள்ளவும், துணிகளை வெந்நீரில் துவைக்கவும் வேண்டும். யாரிடமிருந்து தொற்றிற்று என்று வைத்தியர் விசாரிப்பது குழந்தையின் பாதுகாப்பைக் கருதியே. வெட்கத்தால் மறைப்பது குழந்தைக்குத் தீங்காக முடியலாம்.

பண்ணுருட்டிப் பக்கத்தில் மற்றொன்றும் உண்டு. முந்திரிக்கொட்டை உடைத்த கையால் குழந்தையின் முகத்தைத் துடைத்தால், ஓட்டின் எண்ணெய் பட்டு இமை வீங்கிப் புண்ணாகலாம். இதற்கு உண்ணியும் பேனும் காரணமல்ல.

சாதாரண இமை அழற்சிக்கு வீட்டிலேயே செய்யத்தக்கது எளிது. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் சுத்தமான துணியை நனைத்து, சூட்டை முதலில் தம் மணிக்கட்டில் சோதித்து, மூடிய இமைமேல் ஐந்து பத்து நிமிஷம் ஒற்றுதல் வேண்டும். பின்னர் ஈரப்பஞ்சால் மயிரடியை மெல்லத் துடைத்துப் பொருக்கை நீக்கலாம். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மறு கண்ணுக்கு வைத்தல் ஆகாது. தினம் இருமுறையாக வாரக்கணக்கில் செய்தாலன்றிப் பலன் தெரியாது. மூன்றாம் நாளே விட்டுவிடுவதுதான் வழக்கம். கட்டியைப் பிதுக்குதல், முலைப்பால் விடுதல், ஒரே மைச்சிமிழை எல்லாக் குழந்தைகளுக்கும் உபயோகித்தல் ஆகியவற்றை நிறுத்த வேண்டும்.

கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிவப்பை ஒரே நாளில் மறைக்கும் சில மருந்துகளில் ஸ்டீராய்டு உண்டு. வைத்தியர் மேற்பார்வையின்றி நாட்கணக்கில் விட்டுவந்தால் அது கண்ணின் உள் அழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பைக் கெடுக்கக்கூடும். அவ்வாறு போன பார்வை திரும்புவதில்லை.

வெளிச்சத்தைக் காணக் கூசுதல், கருவிழியில் வெண்புள்ளி, பார்வை மங்கல், ஜுரத்துடன் இமை முழுதும் வீங்கிக் கண் திறவாமை ஆகியவற்றில் ஒன்று காணினும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதல் வேண்டும். சிறு குழந்தையின் மேலிமையில் பெரிய கட்டி நெடுநாள் அழுத்திக்கொண்டிருந்தால், நோவில்லாவிடினும் அக்கண்ணின் பார்வை வளராது மந்தப்படலாம். கடலூரில் அரசுத் தலைமை ஆஸ்பத்திரி உண்டு. சிதம்பரத்தில், அண்ணாமலை சர்வகலாசாலையைச் சார்ந்து 1985இல் தோன்றி, 2021இல் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக்கப்பட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது.

தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் 2013ஆம் வருஷம் முதல் வைத்தியக் குழுவினர் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து பரிசோதிக்கின்றனர். வரும் தேதியைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். அன்று குழந்தைகளுக்குக் கண்மை இடாமல் அனுப்பினால், இமை ஓரம் வைத்தியருக்குத் தெளிவாகப் புலப்படும்.