இன்ஜின் கொதிக்குதா? தண்ணி போற வழியே போய்ப் பாருங்க

பாய்மரப் படகுக்குக் காற்று இருக்கே, இன்ஜின் எதுக்குன்னு தோணலாம். துறைமுக வாசல்ல காற்று நின்னுபோய், நீரோட்டம் பாறைப் பக்கம் இழுக்கும்போது அந்தச் சின்ன இன்ஜின்தான் கைகொடுக்கும். அந்த நேரம் பார்த்து அது சூடாகி நின்னா ஆபத்து.

உதாரணத்துக்கு அட்டாமிக் 4-ஐ எடுத்துக்கலாம். அமெரிக்காவின் யுனிவர்சல் மோட்டார் கம்பெனி 1947 முதல் 1985 வரை தயாரித்த பெட்ரோல் இன்ஜின் இது. நாலு சிலிண்டர், 30 குதிரைத்திறன். மொத்தம் 40,000-க்கு மேல் தயாரானது. கேட்டலினா 30 மாதிரியான பழைய படகுகளில் இப்பவும் ஓடுது.

கார் மாதிரி இதுல ரேடியேட்டர் கிடையாது. பெரும்பாலான படகுகளில் கடல் தண்ணியே நேரா இன்ஜின் பிளாக்குக்குள்ள போகும். படகின் அடியில் இருக்கும் வால்வு, வடிகட்டி, ரப்பர் இம்பெல்லர் பம்ப், பிளாக், தெர்மோஸ்டாட், கடைசியா புகைக்குழாய். அவ்வளவுதான் வழி.

கையில ஸ்பேனர் எடுக்கும் முன்னாடி, இன்ஜினை ஓடவிட்டுப் படகின் பின்பக்கம் பாருங்க. புகையோட தண்ணி எவ்வளவு வருது? பாதிப் பதில் அங்கேயே இருக்கு.

நாம படிச்ச சமன்பாடுதான்: வெப்பம் = தண்ணி ஓடும் அளவு × தன்வெப்பம் × வெப்பநிலை ஏற்றம். 25 டிகிரியில் உள்ளே போய் 60 டிகிரியில் வெளியே வந்தால் ஏற்றம் 35. இன்ஜின் தர்ற வெப்பம் மாறாம, தண்ணி மட்டும் பாதியாக் குறைஞ்சா ஏற்றம் 70. அதாவது 95 டிகிரி, கிட்டத்தட்ட கொதிநிலை.

தண்ணி கொஞ்சமா வந்து ஆவி பறந்தால், ஓட்டத்தில்தான் கோளாறு. இன்ஜினை நிறுத்தி, வால்வை மூடி, அதுக்கு அடுத்த ஹோஸைக் கழற்றி, பக்கெட் வெச்சு வால்வைத் திறங்க. தண்ணி பீச்சியடிக்கலைன்னா அடியில் பிளாஸ்டிக் பையோ சிப்பியோ அடைச்சிருக்கு. அது சரின்னா வடிகட்டி, அப்புறம் பம்ப். இம்பெல்லரில் ஒரு இதழ் உடைஞ்சிருந்தா புதுசு மாட்டினா மட்டும் போதாது. உடைஞ்ச துண்டு முன்னாடி ஏதோ ஒரு குழாயில் சிக்கியிருக்கும், அதையும் தேடி எடுக்கணும். தண்ணி புகையோட கலக்கும் வளைவுக் குழாயில் துருவும் கரியும் சேர்ந்து அடைச்சாலும் இதே கதைதான்.

தண்ணி நல்லா வந்தும் மீட்டர் ஏறினால்? முதல்ல மீட்டரையே சந்தேகப்படுங்க. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பிளாக்கை அளந்து பாருங்க. உண்மையிலேயே சூடுன்னா தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டு, சுமார் 60 டிகிரியில் திறக்குதான்னு சோதிங்க. கார்ல 80-க்கு மேல, இங்கே ஏன் 60? சூடு ஏற ஏறக் கடல் தண்ணியில் இருக்கும் கால்சியம் கார்பனேட் கரையாம சுவரில் படியும். வார்ப்பிரும்பின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 50, படிவுக்குச் சுமார் 2. ஆக 1 மி.மீ. படிவு 25 மி.மீ. இரும்புக்குச் சமமான தடை! நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இதைக் கரைக்கும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் இல்லாம அதைத் தொடாதீங்க.

"தெர்மோஸ்டாட்டையே தூக்கிப் போட்டுடலாமே"ன்னு கேட்கலாம். இந்த இன்ஜினில் பிளாக்கைச் சுத்திப் போற பைபாஸ் ஹோஸ் ஒண்ணு உண்டு. தெர்மோஸ்டாட் இல்லைன்னா தண்ணி சுலபமான அந்த வழியிலேயே ஓடி, பிளாக் காய்ஞ்சு கிடக்கும். கழற்றினால் பைபாஸையும் கட்டுப்படுத்தணும்.

ரெண்டு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி படகின் அடியில் தேங்கும். ஸ்டார்ட் பண்ணும் முன் புளோயரை ஓடவிடுங்க. அடுத்து, இன்ஜின் பிடிக்காம ரொம்ப நேரம் ஸ்டார்டரை அழுத்தினால், பம்ப் தள்ளும் தண்ணியை வெளியேற்றப் புகை இருக்காது. அது சைலன்சரில் நிரம்பி சிலிண்டருக்கே திரும்பும். அப்போ வால்வை மூடிவெச்சு முயற்சி பண்ணுங்க. இன்ஜின் பிடிச்ச அடுத்த நொடி திறந்துடணும்.