காத்திருக்கும் துயரை அளத்தல்: எண்ணக்கரு ஏற்புடைமையை நிறுவும் வழி

கண்ணுக்குப் புலப்படாத ஒரு மனநிலையை வினாக்களால் அளக்க முற்படுவோர், தாம் பெற்ற எண் அந்த மனநிலையைத்தான் சுட்டுகின்றது என்று நிறுவும் கடப்பாடு உடையவர்; எண்ணக்கரு ஏற்புடைமையை நிறுவுதல் எனப்படும் இக்கடப்பாட்டை ஆராய்ந்த லீ குரொன்பாக், போல் மீல் என்னும் இருவரும் 1955இல் எழுதிய கட்டுரையில், ஒரு கருத்தை அதனோடு தொடர்புடைய பிற கருத்துக்களின் வலையில் வைத்தே சோதித்தல் வேண்டுமென வகுத்துரைத்தனர். யுத்தத்தில் உறவினர் காணாமற்போக, அவர் இருக்கின்றாரோ இல்லையோ என்றறியாமல் வாழும் குடும்பங்கள் நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றும் உள. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் விளக்கிய இந்த முடிவறியா இழப்பை நல்லூரிலே அளக்க விரும்பும் மாணவர்க்கு இவ்வழியைக் கூறுகின்றேன்.

எதை அளக்கின்றீர் என்பதோடு எதை அளக்கவில்லை என்பதையும் முதலிலே எழுதிவிடுக. பின்னர், தரவு ஒன்றேனும் திரட்டுமுன், கோட்பாடு உண்மையாயின் என்ன நிகழும் என்று எதிர்வு கூறுக. கணவரைச் சாவிலே பறிகொடுத்துக் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியையை முடித்த பெண்களும், கணவரின் கதி அறியாமையால் அக்கிரியையைச் செய்யவும் மாட்டாது விடவும் மாட்டாது தவிக்கும் பெண்களும், மனச்சோர்வு அளவுகோலில் ஒத்த புள்ளிகளைப் பெற்றாலும் நமது அளவுகோலில் வேறுபடுதல் வேண்டும் என்பது அத்தகைய எதிர்வு. தரவைக் கண்டபின் எழுதப்படும் எதிர்வுக்கு யாதொரு மதிப்பும் இல்லை.

அடுத்து, வினாக்களை அந்தக் குடும்பங்களின் வாய்மொழியிலிருந்தே எடுத்தல் வேண்டும். “படலை திறக்கிற சத்தம் கேட்டால், அவர்தான் வந்திட்டாரெண்டு நெஞ்சு திடுக்கிடுதோ?” என்னும் வினாவை மேனாட்டு அளவுகோலின் எந்த மொழிபெயர்ப்பும் தந்திராது. எழுதிய ஒவ்வொரு வினாவையும் சிலரிடம் வாசித்துக்காட்டி, தாம் விளங்கிக்கொண்டதைத் தம் சொல்லிலே திருப்பிக் கூறுமாறு கேளுங்கள். வேறுபொருள் கொள்ளப்படும் வினாவைத் தயங்காது நீக்குங்கள்.

காலமும் கவனிக்கத்தக்கது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாட்கள் நிகழ்வது. விரதத்தாற் பசி அடக்கியோரும், பிரதட்டை செய்தும் அடியழித்தும் உடல் நொந்தோரும், அதிகாலைப் பூசைக்காக நித்திரை குறைந்தோரும் நிறைந்திருக்கும் அந்நாட்களில், உணவு, நித்திரை, உடல்நோ ஆகியவற்றை வினவுவோர் பக்தியை அளந்துவிட்டுத் துயரை அளந்ததாகக் கருதுவர். கந்தசஷ்டி நாட்களுக்கும் இது பொருந்தும்.

வினாக்கள் தம்முள் இணங்கி நிற்பதைக் காட்டும் அல்பாக் குணகம் நம்பகத்தன்மைக்குரியதேயன்றி ஏற்புடைமைக்குச் சான்றன்று. அச்சான்றுக்கு, கம்பெல், பிஸ்க் இருவரும் 1959இல் காட்டிய முறை இன்னும் சிறந்தது: முடிவறியா இழப்பு, மனச்சோர்வு என்னும் இரண்டையும், வினாக்கொத்தாலும் பயிற்சி பெற்றவரின் நேர்காணலாலும் அளந்து, ஒரே பண்பை இருமுறைகளாலும் அளந்தபோது எழும் இணைபு, வேறு பண்புகளை ஒரே முறையால் அளந்தபோது எழும் இணைபினும் வலியதாய் நிற்கின்றதா என நோக்குக. நில்லாதாயின், புதிய பெயரோடு பழைய மனச்சோர்வையே அளந்திருக்கின்றீர்.

அதன்பின், நமது அளவுகோல் புதிதாக எதைக் கூட்டுகின்றது என்று வினவுதல் முறை. எடுத்துக்காட்டாக, நுவன் ஜயவிக்ரமவும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வடகிழக்குத் தமிழர் தாமே சொல்லும் துயர்மொழிகளால் அமைந்த வினாக்கள், மேனாட்டு அளவுகோல்கள் விளக்கியதற்கு மேலாகவும் அன்றாட வாழ்வின் முடக்கத்தை விளக்கின.

எதிர்வு பொய்த்தால், அளவுகோலோ கோட்பாடோ ஆய்வமைப்போ பிழைத்திருக்கலாம். எது என்று அறியும்வரை முடிவை மறையாது வெளியிடுக. ஆய்வமைப்பின் பிழைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1995 ஒக்டோபரில், நல்லூரும் அடங்கிய வலிகாமம் ஏறத்தாழ முழுவதும் இடம்பெயர்ந்தமையால், இடம்பெயர்ந்தோர், பெயராதோர் எனப் பிரித்து ஒப்பிடும் அமைப்பு இங்கு உதவாது. நல்லூரில் நிறுவிய ஏற்புடைமை மட்டக்களப்புக்குத் தானாகச் செல்லாது. அங்கே மீண்டும் நிறுவுதல் வேண்டும்.

இவ்வினாக்கள் ஆறாத புண்ணைத் தொடுவன. ஆதலால், மனங்கலங்குவோரை உடனே அனுப்பத்தக்க உளவள ஆலோசகர் ஒருவரை உறுதிசெய்யாமல் முதல் வீட்டின் படலையைத் திறவாதீர்கள்.