கோழியும் சிறுவாட்டுக் காசும்

போன கோடையில் அந்த வீட்டில் 14 கோழிகள் இருந்தன. நான்கே நாளில் 13 செத்துப் போயின. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. இறக்கை தொங்கியது. கழுத்து திருகியது. ஒரே ஒரு பெட்டைக்கோழி தப்பியது.

"யார் கண் பட்டதோ!" என்று மாமியார் புலம்பினார்.

மருமகளுக்கு அழுகை வந்தது. கோழிக் காசுதான் அவளுடைய சிறுவாடு. பிள்ளைகளுக்கு நோட்டு, பென்சில் எல்லாம் அந்தக் காசில்தான் வாங்குவாள்.

அவள் கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள்.

"இது கண் பட்டதால் வந்தது இல்லையம்மா. வெள்ளைக்கழிச்சல் நோய். ராணிக்கேட் நோய் என்றும் சொல்வார்கள். வந்த பிறகு குணமாக்க மருந்து இல்லை. வருமுன் தடுக்க மருந்து உண்டு" என்றார் டாக்டர். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்:

குஞ்சு பொரித்த 7ஆம் நாள்: கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்து.
8ஆம் வாரம்: இறக்கையில் தோலுக்கு அடியில் ஊசி.

முந்திய ஆண்டு என்றால் இதைப் படிக்க அவளுக்கு இன்னொருவர் வேண்டும்.

கூடு

பழைய கூட்டைச் சுரண்டிக் கழுவினாள். குப்பையை எரித்தாள். சுண்ணாம்பு அடித்தாள். இரண்டு மாதம் கூட்டைக் காலியாகப் போட்டாள்.

பிறகு கூட்டைத் தரையிலிருந்து 2 அடி உயர்த்தினாள். 10 கோழிகளுக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம் போதும். பக்கத்தில் காற்று வரக் கம்பி வலை அடித்தாள். வலையின் கண் சிறிதாக இருந்தால் கீரியும் பாம்பும் நுழையாது. கோழி ஏறி உட்கார ஒரு குச்சியைக் குறுக்கே கட்டினாள்.

தீனி

தப்பிய பெட்டைக்கு 12 முட்டைகளை அடை வைத்தாள். 21ஆம் நாள் 10 குஞ்சுகள் வெளியே வந்தன.

குஞ்சுகளுக்கு நொய்யும் உடைத்த கம்பும் போட்டாள். கரையானும் கொடுத்தாள். கரையான் பிடிப்பது எளிது. பழைய பானையில் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் போட வேண்டும். தண்ணீர் தெளிக்க வேண்டும். மாலையில் புற்றின் பக்கம் கவிழ்த்து வைத்தால், காலையில் கரையான் சேர்ந்திருக்கும்.

பூஞ்சணம் பிடித்த தானியம் கோழிக்கு நஞ்சு. அதைப் போடக் கூடாது. தண்ணீரை ஆழமில்லாத தட்டில் வைக்க வேண்டும். தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது.

காவல்

மூன்றாம் நாள் ஒரு குஞ்சைப் பருந்து தூக்கிப் போனது. அன்றிலிருந்து தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்தாள். இறக்கை நன்றாக முளைத்த பிறகே குஞ்சுகளை வெளியே விட்டாள்.

7ஆம் நாள் குஞ்சுகளைக் கூடையில் வைத்து மருந்தகத்துக்குக் கொண்டு போனாள். சொட்டு மருந்து போட்டார்கள். காலண்டரில் 8ஆம் வாரத்தைச் சுழித்து வைத்தாள்.

ஊசி போட்ட நாள்

ஊசி மருந்து பெரும்பாலும் 100 கோழிகளுக்கு ஒரே குப்பியாக வரும். பனிக்கட்டியில் வைத்துத்தான் கொண்டு வர வேண்டும். கலக்கிய மருந்தை 2 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. 9 கோழிகளுக்காக ஒரு குப்பியை உடைப்பதா?

அவள் வீடு வீடாகப் போனாள்.

"ஊசி போட்டால் முட்டை நின்றுவிடும்" என்றார் ஒரு பெரியம்மா.

"சில நாள் குறையலாம் பெரியம்மா. செத்த கோழி ஒரு முட்டையும் இடாதே!" என்றாள்.

பெரியம்மா சிரித்துவிட்டார். கோழியைப் பிடித்துக் கொடுத்தார். அன்று காலை வெயில் ஏறுமுன் 11 வீட்டுக் கோழிகளுக்கு ஊசி போட்டார்கள். நோய் இல்லாத கோழிகளுக்கு மட்டும் போட்டார்கள்.

இந்தக் கோடையில் பக்கத்துத் தெருவில் கழிச்சல் வந்தது. இந்தத் தெருவில் கோழிகள் பிழைத்தன.

"அடுத்த ஊசி எப்போது? டாக்டரைக் கேட்டுக் காலண்டரில் எழுதி வை" என்றார் மாமியார்.

"எழுதியாயிற்று அத்தை" என்றாள் மருமகள்.

நினைவில் வைப்போம்

• நோய் கண்ட கோழியைத் தனியே அடைக்க வேண்டும். சந்தையில் விற்கக் கூடாது.
• செத்த கோழியை வெறுங்கையால் தொடக் கூடாது. ஆற்றிலோ குளத்திலோ வீசக் கூடாது. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.
• பல கோழிகள் திடீரென்று செத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும்.

கணக்குப் போடுவோம்

இன்று குஞ்சு பொரித்தால் 7ஆம் நாள் என்ன தேதி? 8 வாரம் என்பது எத்தனை நாள்?

பேசுவோம்

உங்கள் தெருவில் மொத்தம் எத்தனை கோழிகள்? ஒரு குப்பி மருந்து போதுமா? யார் யாரைச் சேர்க்கலாம்?